ஒரே கம்பியில் நான்கு சுக்கான்கள்

ஜூலை 1, செவ்வாய்

கச்சான் காற்று நான்காவது நாளாக விடாமல் அடிக்கிறது. காலை ஏழு மணிக்கே மண் பறக்கிறது. டீயில் மண், கண்ணில் மண், ஸ்பானர் பெட்டிக்குள் மண்.

இன்றைய வேலை:
– இரண்டு படகின் சுக்கான்களையும் கழற்றிக் கழுவ. மொத்தம் நான்கு.
– ஸ்பிரிங் நான்கையும் மாற்ற.
– பழைய படகைப் பிரித்துக் கட்டி வைக்க. நாளை மினி லாரி வருகிறது.
– சர்க்கரை மாத்திரை. நேற்றே தீர்ந்துவிட்டது.

பழையது பெரியதாழைக்குப் போகிறது. அங்கே ரெமிஜியுஸ் என்று ஒரு பி.டி. வாத்தியார். மீனவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் பத்துப் பேருக்குப் பாய்ப்படகு ஓட்டக் கற்றுக்கொடுக்கப் போகிறாராம். கேட்டதும் கேப்டன் விற்றுவிட்டார். கப்பலில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர், இந்தப் பாய்ப்படகு கிளப் அவருடையது, அவர் இஷ்டம். இனி நமக்குப் புதியது ஒன்றுதான். புதியது என்று பேரே தவிர அதற்கும் ஐந்து வயது. பழையதுக்கு முப்பதுக்கு மேல். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நீளம். தள்ளி நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். விருந்தாளிகளிடம் கேப்டன் 'பீச் கேட்டமரான்' என்பார். சூசை 'ரெட்ட வள்ளம்' என்பான்.

கழுவும் முறை எப்போதும்போல். நான்கையும் கழற்றி, பாகம் பாகமாகப் பிரித்து, டிரம்மில் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கவிடுவது. அபூதாபி ரிசார்ட்டில் பதினான்கு வருடம் செய்த பழக்கம். அங்கே பன்னிரண்டு படகு, எல்லாம் ஒரே வருடத்துச் சரக்கு. எந்தச் சுக்கான் எந்தப் படகுக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. காலையில் கைக்கு வந்ததை எடுத்து மாட்டுவோம்.

சூசையோடு சின்ன உரசல். படகை ஓட்டுவது அவன், பழுது பார்ப்பது நான். ஆறு வருடமாக இதுதான் ஏற்பாடு. பழைய படகின் சுக்கான் காஸ்டிங், அதாவது பிளேடைப் பிடிக்கும் வார்ப்புத் துண்டு, ஒவ்வொன்றிலும் போன மாதம் சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறான். பெண்டாட்டியின் நகப்பாலிஷ்!

"என்ன சூசை, சுக்கானுக்குப் பொட்டு வச்சு எங்கன பொண்ணு பாக்கப் போறோம்?"

"இல்ல காக்கா. பழசு பழசோடயே கெடக்கட்டும்னுதான். எங்க அண்ணன் துடுப்புக்கெல்லாம் பெயிண்ட் அடிச்சு வச்சிருப்பாவ, பாத்திருக்கியளா?"

"ரெண்டுக்கும் ஒரே தொளைதான, ஒரே போல்ட்டுதான. என்ன வித்தியாசம்?"

"தொளை ஒண்ணுதான். உள்ள ஒண்ணான்னு தெரியல. லாக் விழும்போது கையில வேற மாதிரி தட்டுது."

விருந்தாளிகள் பார்த்தால் அசிங்கமாக இருக்கும் என்று சொல்லி, தின்னரில் துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அபூதாபி காக்கா சொன்னா சரிதான்" என்று சிரித்தான். அண்ணன் என்று கூப்பிடும் அந்தக் 'காக்கா'வில்கூட ஒரு கேலி. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்.

மாலை நாலரைக்கு எல்லாவற்றையும் திரும்பப் பூட்டி முடித்தேன். சுக்கானை அழுத்தினால் 'டக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். கரைக்கு வரும்போது மண்ணில் தட்டினால் தானாக மேலே எழும்ப வேண்டும். நான்கும் டக். இரண்டில் மட்டும் சத்தம் கொஞ்சம் மெலிவு. புது ஸ்பிரிங், பழகினால் சரியாகிவிடும்.

மாத்திரை வாங்கவில்லை. வீட்டுக்காரி ஆமினா திட்டினாள்.

ஜூலை 2, புதன்

லாரி ஒன்பதுக்கு வருவதாகச் சொல்லி பதினொன்றரைக்கு வந்தது. வாத்தியாரும் கூடவே வந்திருந்தார். கறுத்து மெலிந்த மனிதர், கழுத்தில் விசில். படகைத் தடவித் தடவிப் பார்த்தார். அவரே ஒரு சுக்கானை அழுத்திப் பார்த்து, அந்த 'டக்'கைக் கேட்டுவிட்டுப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

"வேற எதாவது கவனிக்கணுமா காக்கா? பொம்பளப் பிள்ளைய ஏறப்போகுது."

"ஒண்ணும் வேண்டாம் வாத்தியாரே. நான் கை வச்ச படகு."

கட்ட உதவி செய்தது சூசை. ஆறு வருடம் ஓட்டிய படகு போகிறது, முகம் சுண்டிவிட்டது. லாரி திரும்பும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தலைக்கு மேல் வேலை, உள்ளே போய்விட்டேன்.

மாத்திரை வாங்கியாயிற்று. குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, வாஷர் பார்க்க வேண்டும்.

ஜூலை 5, சனி

சூசை மவுத்து.

மாலை 4.20 இருக்கும். துறைமுகத்துத் தெற்கு அலைத்தடுப்புப் பாறை. விருந்தாளி பிழைத்துக்கொண்டார்.

இன்னாலில்லாஹி. எழுத ஓடவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காற்று இன்றும் நிற்கவில்லை. நின்றிருந்தால் என்ன.

காலை முழுக்க அரசு ஆஸ்பத்திரி. பிரேதப் பரிசோதனை முடிந்து கொடுக்க மதியம் இரண்டாகிவிட்டது. வெளியே வேப்பமரத்தடியில் சூசையின் அண்ணன், அவர் ஆட்கள் பத்துப் பதினைந்து பேர். சூசையின் மனைவி மெட்டில்டா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், செருப்பு இல்லாமல். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம், குழந்தை இல்லை.

விருந்தாளியை மேல் வார்டில் போய்ப் பார்த்தேன். மதுரைக்காரர், தோள்பட்டை முறிந்திருக்கிறது. அவர் சொன்னது, மறக்கும் முன் அப்படியே:

"நல்லாத்தான் போச்சு. திடீர்னு ஒரு காத்து. பின்னாடி டக்கு டக்குனு ரெண்டு சத்தம். சுக்கான் ரெண்டும் தண்ணிக்கு மேல வந்துருச்சு. அவரு கால வச்சு அமுக்குனாரு. கீழ போகுது, கால எடுத்தா மறுபடியும் மேல வருது. பாய எறக்கப் போனாரு, அதுக்குள்ள பாறை கிட்ட வந்துருச்சு. என்னைத் தண்ணிக்குள்ள தள்ளி விட்டுட்டாரு. அவரு பின்னாடி போயி ரெண்டு கையாலயும் சுக்கானை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தாரு. அப்புறம் நான் பாக்கல."

மாலை அடக்கம். நான் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஓரம் நின்றேன். நாலைந்து பேர் எனக்கு முன்னால், நான் நிற்பது தெரியாமல்:

"லாக்க போட மறந்துட்டானாம்லா."

"மப்புல இருந்திருப்பான்."

"சேச்சே, அவன் வேலைக்குப் போவையில தொட மாட்டான். மறதிதான். சுக்கானை மறப்பானாலே ஒருத்தன்?"

'மறந்துட்டான்' என்று முதலில் சொன்னது கேப்டன். போலீஸ்காரர் நேற்று இரவு கேட்டபோது சொல்லியிருக்கிறார். ஒரே நாளில் ஊர் பூராவும் போய்விட்டது.

சூசையின் அண்ணன் குழி ஓரத்திலேயே நின்றார். மண் போட்டு முடிந்ததும் தன்பாட்டுக்குச் சொன்னார்: "எங்க வீட்ல சுக்கானை மறக்குத ஆளு கெடையாதே." தலையைக் குனிந்துகொண்டே போய்விட்டார். தம்பி செத்தது ஒரு பக்கம், இது ஒரு பக்கம்.

ஜூலை 8, செவ்வாய்

உடைந்த படகை டிராக்டரில் இழுத்துக்கொண்டுவந்து கிளப் பின்புறம் போட்டுவிட்டுப் போனார்கள். இரட்டை உடலில் வலது பக்கத்து உடல் இரண்டாகப் பிளந்திருக்கிறது. பாய் கந்தல். சுக்கான்கள் மட்டும் முழுசாக இருந்தன. போலீஸ் போட்டோ எடுத்தாயிற்று, இனி யாரும் பார்க்க வரப்போவதில்லை.

பார்க்காமல் இருக்கத்தான் நினைத்தேன். கை கேட்கவில்லை.

பூட்டிப் பார்த்தேன். டக். மெலிதான டக். பிளேடைப் பிடித்து, தண்ணீர் தள்ளுவதுபோல என் முழு பாரத்தையும் கொடுத்தேன். கழன்று மேலே எழும்பியது. மறுபடி பூட்டினேன். மறுபடி கழன்றது. ஏழு தடவை. இரண்டு தடவை மட்டும் நின்றது. போன செவ்வாய்க்கிழமை கரையில் வெறும் கையால் அழுத்திச் சத்தத்தை மட்டும் கேட்டேன், பாரம் கொடுத்துப் பார்க்கவில்லை.

போல்ட்டை எடுத்துப் பிரித்தேன். மேல் காஸ்டிங்கில் ஒரு நாக்கு இருக்கும், கீழ் காஸ்டிங்கில் அது விழுந்து உட்கார ஒரு பள்ளம். வெர்னியர் வைத்து அளந்தேன். புதிய படகின் நாக்கு தட்டை, நீளம். பழைய படகின் நாக்கு உருண்டை, குட்டை; கழுவும்போது பார்த்தது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பள்ளம் அந்தந்த நாக்குக்கு ஏற்றபடி. என் கையில் இருந்தது தட்டை நாக்கும் ஆழமில்லாத பள்ளமும். நாக்கு உள்ளே இறங்காமல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நிற்கிறது. இரண்டு மி.மீ. அவ்வளவுதான். வெளித்துளை ஒன்று, போல்ட் ஒன்று, பிளேடு ஒன்று, நிறம் ஒன்று. உள்ளே மட்டும் வேறு. நடுவில் எந்த வருடமோ கம்பெனிக்காரன் மாற்றியிருக்கிறான்.

இன்னும் நம்பாமல் கீழ் காஸ்டிங்கைத் திருப்பினேன். போல்ட் தலை உட்காரும் குழிக்குள், தின்னர்த் துணி போகாத இடத்தில், சிவப்பு. நகக்கண் அளவு. அடுத்ததிலும் அதே.

சூசையின் பொட்டு. பழைய படகின் பாகம் புதிய படகில். ஒரே கம்பியில் நான்கையும் தொங்கவிட்டு, கைக்கு வந்ததை எடுத்துப் பூட்டியவன் நான். அவன் அடையாளம் வைத்தான். நான் அழித்தேன்.

அபூதாபியில் முதல் நாள், அரபிக்காரன் 'சுக்கான்' என்றதும் நம்ம ஊர்ச் சொல்லே இங்கேயும் இருக்கிறதே என்று பூரித்துப்போனேன். இன்று அந்தச் சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதுகிறேன்.

அஸர் தொழுகைக்குப் போகவில்லை. டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அடுத்தது உறைத்தது. பழைய பள்ளம் இங்கே இருக்கிறது என்றால் புதிய பள்ளம் பெரியதாழையில். அங்கே உருண்டை நாக்கு ஆழமான பள்ளத்துக்குள் ஆடிக்கொண்டிருக்கிறது. அதுவும் நிற்காது.

பத்துப் பெண்பிள்ளைகள்.

ஜூலை 9, புதன்

கேப்டனிடம் சொன்னேன். மேஜையில் இரண்டு காஸ்டிங்கையும் வைத்துக் காட்டினேன். படித்த மனிதர், ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு ரொம்ப நேரம் கண்ணைத் தேய்த்தார். அவருக்கும் சூசை என்றால் உயிர்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்."

"சேகு, நான் சொல்றதக் கேளுங்க. சூசை போயிட்டான். மறந்துட்டான்னு சொன்னா இனி அவனுக்கு என்ன வந்துரப்போகுது? தப்பான பார்ட்டுன்னு எழுதிட்டாங்கன்னா நீங்க உள்ள போவீங்க. நானும் போவேன். அவன் திரும்பி வருவானா?"

"பெரியதாழை?"

"அத நான் பாத்துக்கிடுதேன். இன்னைக்கே போன் போட்டு, படகை இறக்க வேண்டாம்னு சொல்லிருதேன். நீங்க வீட்ல இருங்க, ரெண்டு நாள் ரெஸ்ட் எடுங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், நெஞ்சில் இருந்து ஒரு மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அது எனக்கே கேவலமாகவும் இருந்தது. பஸ்ஸில் ஆறுமுகநேரி வரைக்கும் உப்பளத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆமினா: "மொகமே சரியில்லையே?"
"வெயில்."
"வெயில்ல பதினாலு வருஷம் நின்ன ஆளுக்கா?"

சாப்பிட்டது மூன்று தோசை. சர்க்கரை பார்க்கவில்லை. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வந்ததும் போன். பெரியதாழை வாத்தியார்.

"காக்கா, சூசை அண்ணன் சேதி கேட்டு மனசே சரியில்ல. இங்கனயும் பூசையில அவருக்குச் செபம் சொன்னோம்."

"ம்."

"நம்ம படகு கட்டியாச்சு. ஞாயிறு காலைல பூசை முடிஞ்சதும் சாமியார் மந்திரிச்சுத் தருவாவ, ஒடனே எறக்கிருவோம். மந்திரிச்ச வள்ளத்த அன்னைக்கே கடலத் தொட வச்சிரணும்லா."

கேப்டன் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

இப்போதுதான் சொல்ல வேண்டும், வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நான் சொன்னது: "ஞாயித்துக்கெழம வேண்டாம் வாத்தியாரே. கச்சான் கடுமையா இருக்கு."

அவர் சிரித்தார். "காத்து இல்லாம பாய்மரமா காக்கா? கரையோரமாத்தான் ஓட்டப்போறோம். லாக்கு கிண்ணுனு இருக்கு, டக்குனு விழுது."

"சரி" என்றேன். சரி என்று சொன்ன வாய் இது.

கேப்டனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மூன்று தடவை. நான்காவது தடவை எடுத்து, "திங்கக்கிழம பேசலாம் சேகு" என்று வைத்துவிட்டார். திங்கள்!

ஆமினாவிடம் சொல்லிவிட்டேன். முழுவதும். பொட்டு, தின்னர், கம்பி, இரண்டு மி.மீ. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தப் புள்ளையளோட உம்மாமாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன இங்க உக்காந்து எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

ஜூலை 12, சனி

சூசைக்கு ஏழாம் நாள் பூசை, மாலை ஆறு மணி. போனேன். கோயிலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முடிந்து வெளியே வந்த மெட்டில்டா என்னைப் பார்த்துவிட்டாள். பக்கத்துப் பெண்ணின் கையை விட்டுவிட்டு நேராக வந்தாள். கறுப்புச் சேலை, ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டாள்.

"காக்கா, நீங்க அவியகூட ஆறு வருசம் இருந்திய. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவிய மறப்பாவளா?"

நான் என்ன சொன்னேன்? "கடல்ல எது வேணாலும் நடக்கும்மா" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல. வரவில்லை என்றதும் திரும்பிப் போனாள். குழாயடியில் நின்ற ஒருத்தி மற்றவளிடம், மெட்டில்டா காதில் விழும்படியே: "பாவம் ஏளா, மறதிக்கு யாரு என்ன செய்ய முடியும்."

என்மேல் எனக்கு இவ்வளவு வெறுப்பு வந்ததில்லை. பயம்தான் காரணம், வேறு ஒரு நியாயமும் கிடையாது. ஐம்பத்திரண்டு வயதில் ஜெயிலுக்குப் போவேனோ என்ற பயம். 'நான் கை வச்ச படகு' என்று சொல்லிக்கொண்டு திரிந்த பேர் போய்விடுமே என்ற பயம். இரண்டில் எது பெரிசு என்று எனக்கே தெரியவில்லை.

நாளை முதல் பஸ். ஸ்பானர் 13, 10. வெர்னியர். உடைந்த படகின் கீழ் காஸ்டிங் இரண்டு. துணிப்பை.

ஜூலை 13, ஞாயிறு

சுபுஹு தொழுது முடித்த கையோடு பஸ். திருச்செந்தூரில் மாறி ஏறினேன். ஞாயிற்றுக்கிழமை வண்டி, நின்று நின்று போனது. குலசேகரன்பட்டினத்தில் டிரைவர் இறங்கி டீ குடித்தார். கத்தலாம் போல் இருந்தது. மணப்பாடு தாண்டும்போது எட்டு மணி.

பூசை முடிந்துவிட்டது. மந்திரிப்பும் முடிந்துவிட்டது. நான் மண்ணில் இறங்கி ஓடும்போது படகு அலை ஓரத்தில் இருந்தது, மூக்கில் சாமந்தி மாலை. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பிள்ளைகள் சுற்றிலும். இரண்டு பேர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தார். பாய் ஏறியாயிற்று, படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எறக்காதிய!" என்று கத்தினேன். காற்று என் பக்கம் வீசியது, கேட்கவில்லை. தண்ணீருக்குள் இடுப்பு வரை ஓடிப்போய் படகின் குறுக்குக் கம்பியைப் பிடித்துவிட்டேன். கைலி எல்லாம் நனைந்து, பைத்தியக்காரன் மாதிரி.

"காக்கா? என்ன காக்கா, நல்ல நாளும் அதுவுமா?"

"பிள்ளையள எறக்குங்க. மொதல்ல எறக்குங்க."

கரைக்கு இழுத்தோம். அவர் கண் முன்னாலேயே சுக்கானை அழுத்திப் பூட்டினேன். டக். "இப்போ பிளேடைப் பிடிச்சு ஒங்க பாரம் முழுக்கக் குடுங்க" என்றேன். கொடுத்தார். கழன்று எழும்பி அவர் தாடையில் அடித்தது. மறுபடி பூட்டினேன். இன்னொன்றையும் அப்படியே செய்யச் சொன்னேன். அதுவும் நிற்கவில்லை.

பிரித்துக் காட்டினேன். மேல் காஸ்டிங்கின் குழிக்குள் இங்கேயும் அந்தச் சிவப்பு இருந்தது. என் பையில் இருந்த கீழ் காஸ்டிங்கை எடுத்து அதோடு சேர்த்தேன். 'டக்' இல்லை, 'டொக்'. கனமான சத்தம். வாத்தியார் தொங்கிப் பார்த்தும் அசையவில்லை. அதுதான் ஜோடி, முப்பது வருடமாக ஒன்றாக இருந்த ஜோடி.

யார் மாற்றியது என்று அவர் கேட்கும் முன்பே சொன்னேன். நான். ஏன், எப்படி, எல்லாம். பிள்ளைகளும் சுற்றி நின்று கேட்டார்கள். அனுப்பிவிடலாம் என்று வாத்தியார் பார்த்தார், ஒருத்தியும் நகரவில்லை. படகில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்தி, ஒல்லியாக, இரட்டைச் சடை, கேட்டாள்:

"அப்போ செத்துப்போன அண்ணன் மறக்கலையா?"

"இல்லம்மா. மறக்கல."

ஒரு வாரம் கழித்து, சம்பந்தமில்லாத ஒரு பிள்ளையிடம் சொல்கிறேன்.

வாத்தியார் தாடையைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "வெள்ளிக்கெழம போன்ல பேசுனோம்லா காக்கா" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

"அங்கன அவரு வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. நாளைக்கு."

"போலீசுக்கு?"

"அதுக்கப்புறம்."

நான் கொண்டுபோன இரண்டையும் திரும்ப என் பைக்குள் போட்டுக்கொண்டேன், அங்கிருந்த தவறான பாகங்களையும். போலீஸ் கேட்பார்கள். படகைச் சுக்கான் இல்லாமல் மேட்டில் கவிழ்த்து வைத்தோம். மந்திரித்த படகு கடல் தொடாமல் போவது ஆகாது என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார். வாத்தியார் கைநிறையக் கடல் தண்ணீர் அள்ளிவந்து அதன் அடியில் ஊற்றினார். யாரும் எனக்கு டீ கொடுக்கவில்லை. பஸ் நிறுத்தம் வரை தனியாக நடந்தேன்.

கேப்டனிடம் இருந்து மாலைக்குள் ஒன்பது தடவை அழைப்பு. எடுக்கவில்லை. ஆமினா குழாய்க்கு அவளே வாஷர் மாற்றிவிட்டாள்.

ஜூலை 14, திங்கள்

காற்று இன்று குறைவு. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடக்கிறது. ஒன்பது நாள் முன்னால் இப்படிக் கிடந்திருக்கலாம்.

பத்து மணிக்கு மெட்டில்டா வீடு. சுவரில் சூசை போட்டோ, மாலை, சின்ன சீரியல் பல்பு. நாற்காலி போட்டாள். உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். பையைத் திறந்து காஸ்டிங்கைக் காட்டினேன். குழிக்குள் சிவப்பைக் காட்டினேன்.

விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தாள். "என் பாலிசுதான்" என்றாள். "பாதி பாட்டல காலி பண்ணிட்டாவன்னு சண்ட போட்டேன்."

என்னை அடித்திருந்தால் தேவலை.

"சனிக்கெழம கேட்டேன்லா காக்கா."

"கேட்டம்மா."

"சொல்லலையே."

"பயந்துட்டேன்."

எழுந்தாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "எங்கிட்ட சொன்னது போதாது. வெளிய வந்து சொல்லுங்க."

வாசலுக்குக் கூட்டிவந்தாள். எதிர்வீட்டில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டாள். "ஏளா, இங்க வா. இவிய ஒண்ணு சொல்லுதாவ, கேளு." சொன்னேன். சூசை மறக்கவில்லை. பாகத்தை மாற்றிப் பூட்டியவன் நான். அந்தப் பெண் வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

மெட்டில்டா என் சட்டைக் கையைப் பிடித்தாள். அடுத்த வீடு. அங்கும் சொன்னேன். குரல் இறங்கிப்போனது. "சத்தமா சொல்லுங்க காக்கா, உள்ள கெழவிக்குக் கேக்காது." சத்தமாகச் சொன்னேன். அதற்கடுத்த வீடு. இன்னொரு வீடு. பின்னாலேயே ஆட்கள் சேர்ந்துகொண்டு வந்தார்கள். ஒருத்தன் மண்ணை அள்ளி எறிந்தான், முதுகில் விழுந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "சொல்லி முடிக்கட்டும்லே" என்றாள். தெருவில் பதினாறு வீடு. ஒன்றையும் விடவில்லை.

கடைசி வீடு சூசையின் அண்ணன் வீடு. அவர் வெளியேதான் உட்கார்ந்து வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் துடுப்புகள் சாத்தியிருந்தன, ஒவ்வொன்றின் பிடியிலும் பச்சைப் பெயிண்ட். முழுவதும் கேட்டார். காஸ்டிங்கை வாங்கி, குழிக்குள் இருந்த சிவப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிக் கொடுக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"பொட்ட எதுக்கு அழிச்சீரு?"

பார்க்க நன்றாக இல்லை என்று அழித்தேன் என்றேன்.